வேட்டி மடிப்பைக் காணோம், பின்னல் கருந்திட்டு: வீடியோவில் வெளிச்ச விவரமும் நிழல் விவரமும் தொலைந்தால் எங்கே தேடுவது

பெண்ணின் அப்பா தாரை வார்க்கிற ஷாட். வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி, அவருக்குப் பின்னால் மண்டபத்தின் கிழக்கு வாசல் திறந்து கிடக்கிறது, காலை ஏழு மணி வெயில் நேராக உள்ளே வருகிறது. பக்கத்தில் பெண், குனிந்த தலை, அடர்ந்த பின்னல், அதன் மேல் மல்லிகைச் சரம். அரக்குக் கூறைப்புடவையில் ஜரிகை. கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற யாருக்கும் இந்த ஃபிரேம் மாதம் நான்கு தடவையாவது வரும். இதில் வேட்டி மடிப்பும் தெரியணும், பின்னலின் முடிச்சும் தெரியணும். இரண்டில் ஒன்று போனால் பார்க்கிறவர்கள் "பிரிண்ட் சரியில்லை"ன்னு மட்டும்தான் சொல்வார்கள், எது போச்சுன்னு சொல்லத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டியது நாம்.

எந்தப் பிரச்சினையானாலும் ஸ்லைடரைத் தொடும் முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அந்த விவரம் ஃபைலிலேயே இல்லையா, இல்லை ஃபைலில் இருந்தும் மென்பொருள் காட்டாமல் வைத்திருக்கிறதா? நான் பார்த்தவரை, "பர்ன் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கைவிட்ட கிளிப்களில் நிறைய இரண்டாவது வகை. கேமரா சரியாகத்தான் எழுதியிருக்கிறது, எடிட்டிங்கில் நாம்தான் வெட்டியிருக்கிறோம். அதனால் வேவ்ஃபார்மைத் (படத்தின் வெளிச்சத்தை அடியில் கறுப்பு 0, மேலே வெள்ளை 100 என்று காட்டும் வரைபடம்) திறந்து வைத்துக்கொண்டே கீழே உள்ளதைப் படியுங்கள். கண்ணை நம்ப வேண்டாம், அதுவும் ஜன்னல் பக்கம் மானிட்டர் வைத்திருந்தால் சுத்தமாக நம்ப வேண்டாம்.

சட்டையும் வேட்டியும் வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கிறது

கிளிப்பின் மேல் எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் வேவ்ஃபார்மைப் பாருங்கள். மேலே ஒரு நேர்கோடு, தரையில் அடுக்கிய செங்கல் மாதிரி தட்டையாக நிற்கும். இப்போது கெய்னை (வெளிச்சப் பாகத்தை அதிகமாக நகர்த்தும் கட்டுப்பாடு) மெதுவாகக் கீழே இறக்குங்கள். அந்தக் கோடு கோடாகவே இறங்கி வந்தால் அங்கே தகவல் இல்லை, சென்சாரிலேயே நிரம்பி வழிந்துவிட்டது. இறங்கும்போது கோடு உடைந்து மேடு பள்ளமாக விரிந்தால் நல்ல காலம், 100-க்கு மேல் ஒளிந்திருந்த விவரம் வெளியே வருகிறது.

ஏன் ஒளிந்திருக்கும்? 8 பிட் வீடியோவில் கறுப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடிவதாகக் கணக்கு. ஆனால் பல கேமராக்கள் 235-ஐத் தாண்டியும் எழுதும், ஏறத்தாழ 109 சதவீதம் வரை போகும். பிரீமியர், டாவின்சி மாதிரி எடிட்டிங் மென்பொருளில் அது உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், திரையில் மட்டும் 100-ல் வெட்டிக் காட்டும். பிரீமியர் ஸ்கோப்பில் (வேவ்ஃபார்ம் காட்டும் பேனல்) 'கிளாம்ப் சிக்னல்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் 100-க்கு மேல் நிற்பது கண்ணுக்கே தெரியும். தெரிந்ததும் கெய்னைக் குறைத்து உள்ளே கொண்டு வாருங்கள், காமாவைக் (நடு வெளிச்சப் பாகம்) கொஞ்சம் ஏற்றி முகத்தை மீட்டுக்கொள்ளுங்கள். முடிந்தது.

ஒன்று கவனிக்கணும். நடுவில் 32 பிட்டில் வேலை செய்யாத பழைய எஃபெக்ட் ஏதாவது இருந்தால், அது அந்த 109-ஐ 100-ல் வெட்டிவிடும். பிரீமியரின் எஃபெக்ட்ஸ் பேனலில் எஃபெக்ட் பெயருக்குப் பக்கத்தில் 32 என்று குட்டி அடையாளம் இருக்கும். அது இல்லாத எஃபெக்ட்டைக் கலர் கரெக்‌ஷனுக்கு முன்னால் வைக்காதீர்கள்.

லட் போட்டதும் வெள்ளை வெடிக்கிறது, அப்புறம் எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வரவில்லை

எனக்கு அதிகமாக வரும் புகார் இது. காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: வரிசை தப்பு.

லட் (LUT) என்பது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் ஒரு அட்டவணை. இந்த எண் வந்தால் அந்த எண்ணைக் கொடு, அவ்வளவுதான். சாதாரண லட் ஃபைலின் அட்டவணை 0-க்கும் 1-க்கும் (அதாவது வேவ்ஃபார்மின் 100) நடுவில்தான் இருக்கும். 1-க்கு மேல் வருகிற எதுவும் 1 ஆகிவிடும். 1-க்குள்ளேயே இருந்தாலும், 709-க்கு (ரெக்.709, சாதாரண டிவிக்கான நிறத் தரம்) மாற்றுகிற லட்டின் மேல் பாகத்தில் வளைவு தட்டையாக ஆகும்போது பக்கத்துப் பக்கத்து எண்கள் எல்லாம் ஒரே எண்ணில் போய் விழுந்துவிடும். சட்டையின் மடிப்பும் பாக்கெட் விளிம்பும் சேர்ந்து ஒரே வெள்ளை. அதற்கப்புறம் நீங்கள் ஹைலைட்டைக் குறைத்தால் அந்த ஒரே வெள்ளை ஒரே சாம்பலாக மாறுமே தவிர, மடிப்பு எங்கிருந்து வரும்?

எஸ்-லாக்3-ஐ (சோனி கேமராவின் லாக் முறை, வெளிச்சமும் நிழலும் அதிகம் அடங்கும்படி வெளிறிய படமாக எழுதும்) எடுத்துக்கொள்வோம், நம் ஊர்க் கல்யாணங்களில் நிறையப் பேர் அதில்தான் எடுக்கிறார்கள். சரியான எக்ஸ்போஷரில் 18 சதவீதச் சாம்பல் அட்டை வேவ்ஃபார்மில் 41-ல் நிற்கும், 90 சதவீத வெள்ளை 61-ல் நிற்கும். லட் செய்தவர் இந்தக் கணக்கை நம்பித்தான் செய்திருக்கிறார். ஆனால் நிழலில் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) வரக்கூடாதுன்னு கேமராமேன் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றி எடுத்திருப்பார், அது நல்ல பழக்கம்தான். எஸ்-லாக்3-ல் ஒரு ஸ்டாப் என்பது வேவ்ஃபார்மில் சுமார் 9 புள்ளி. ஆக, வெள்ளை 61-க்குப் பதில் 79-ல் வந்து நிற்கிறது. கேமராவுக்கு அது பிரச்சினையே இல்லை, அதற்கு மேலேயும் இடம் இருக்கிறது. லட்டுக்குத்தான் பிரச்சினை, அது 61-ஐ எதிர்பார்த்தது.

இதைச் சரிசெய்வது சுலபம். டாவின்சியில் லட் இருக்கும் நோடுக்கு (வரிசையாக ஓடும் திருத்தப் பெட்டிகளில் ஒன்று) முன்னால் இன்னொரு நோட் போட்டு, ஆஃப்செட் வீலைக் கீழே இறக்குங்கள். லாக் படத்தில் ஆஃப்செட்டை இறக்குவது கிட்டத்தட்ட லென்ஸ் துளையைச் சிறிதாக்குகிற மாதிரி, எல்லா ஸ்டாப்பும் சமமாக இறங்கும். கெய்னைத் தொட்டால் மேல் பாகம் அதிகமாகவும் கீழ் பாகம் கொஞ்சமாகவும் நகர்ந்து காண்ட்ராஸ்ட் மாறிப் போகும், அதனால் இந்த இடத்தில் ஆஃப்செட்தான். இறக்க இறக்க, லட்டுக்குப் பின்னால் வெள்ளையாக அடைந்து கிடந்த சட்டையில் முதலில் தோள்பட்டைத் தையல் தெரியும், அப்புறம் பாக்கெட், அப்புறம் இஸ்திரி மடிப்பு. ஒவ்வொன்றாக வரும்போது எனக்கு இன்றைக்கும் மனசு நிறையும்.

பிரீமியரில் இதே தப்பு வேறு முகத்தில் வரும். லுமெட்ரியின் (பிரீமியரின் நிறத் திருத்தப் பேனல்) பேசிக் கரெக்‌ஷனில் இன்புட் லட் என்று ஒரு இடம் இருக்கிறது பாருங்கள், அங்கே லட்டைப் போட்டால் அதுதான் முதலில் ஓடும், எக்ஸ்போஷர் ஸ்லைடர் எல்லாம் அதற்குப் பின்னால்தான். பார்க்க ஒரே பேனலில் இருப்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. லட்டை அங்கிருந்து எடுத்து, கிரியேட்டிவ் பகுதியில் போடுங்கள். இல்லையென்றால் ஒரு லுமெட்ரியில் எக்ஸ்போஷர், அதற்குக் கீழே இரண்டாவது லுமெட்ரியில் லட். எஃபெக்ட்கள் மேலிருந்து கீழாகத்தான் ஓடும். மொத்த டைம்லைனுக்கும் ஒரே லட் என்றால் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் வைத்துவிட்டு, கிளிப் ஒவ்வொன்றிலும் எக்ஸ்போஷரைத் திருத்துவது இன்னும் வசதி.

மாப்பிள்ளை ஃபிரெண்ட் ஐபோனில் எடுத்த கிளிப் மட்டும் கண்ணைக் கூசுகிறது

ஐபோன் 12 முதல் வீடியோ எச்டிஆரில் (வழக்கத்தைவிட அதிக வெளிச்ச வீச்சு உள்ள வகை) பதிவாகும், அமைப்பில் போய் நிறுத்தினால்தான் நிற்கும். உள்ளே இருப்பது எச்எல்ஜி வகை. அதில் சாதாரண வெள்ளைக்கு 75 சதவீதம்தான் இடம், மேலே உள்ள கால் பங்கு சூரியன், விளக்கு, ஜரிகைப் பளபளப்பு மாதிரியானவற்றுக்கு ஒதுக்கியது. அந்த 75-ஐ உங்கள் 709 டைம்லைனின் 100-ல் கொண்டுபோய் உட்கார வைத்தால் மேலே இருந்த கால் பங்கும் வெட்டுப்படும். கிளிப் கெட்டுப்போகவில்லை, பாஷை புரியாமல் போயிற்று.

பிரீமியர் புதிய பதிப்பு என்றால் லுமெட்ரி செட்டிங்ஸில் ஆட்டோ டோன் மேப் என்பதை இயக்குங்கள், பெரும்பாலும் அதுவே போதும். டாவின்சியில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்டைப் போட்டு, உள்ளே வருவது ரெக்.2020, எச்எல்ஜி என்றும் வெளியே போவது ரெக்.709, காமா 2.4 என்றும் சொல்லி, டோன் மேப்பிங்கை 'டாவின்சி'யில் வையுங்கள். ஹைலைட் ஸ்லைடரை இழுத்து இழுத்துச் சரி செய்ய முயல வேண்டாம், முகம்தான் செத்துப் போகும்.

வெள்ளையைக் குறைத்தேன், சாம்பல் பூசினது மாதிரி ஆகிவிட்டது

இது உண்மையிலேயே தகவல் போன கிளிப். நம் ஷாட்டில் அந்தக் கிழக்கு வாசல் அப்படித்தான், தெரு, மரம் எதுவும் ஃபைலில் இல்லை. இல்லாததைத் தேடிக் கீழே இழுத்தால் வாசலில் சிமெண்டு பூசின மாதிரி ஆகும். வெயில் வெயிலாகவே இருக்கட்டும். 95 பக்கத்தில் விட்டுவிட்டு, அதன் விளிம்பை மட்டும் மென்மையாக்குங்கள். டாவின்சியின் கர்வ்ஸ் பகுதியில் சாஃப்ட் கிளிப் இருக்கிறது, அதில் ஹை சாஃப்ட்டை ஏற்றினால் வெட்டுப்பட்ட இடம் கத்தரித்த மாதிரி நிற்காமல் கரைந்து போகும்.

இதோடு சேர்ந்து வருகிற இன்னொரு தொல்லை: ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் சூடாக்கினதும் போன வெள்ளைக்கு மஞ்சளோ ரோஸோ ஏறிக்கொள்ளும். வெட்டுப்பட்ட இடத்தில் மூன்று சேனலும் ஒரே எண்ணில் இருந்தன, நீங்கள் சிவப்பை மட்டும் நகர்த்தியதும் அந்த இடம் மொத்தமும் நிறம் மாறிவிட்டது. லம் வெர்சஸ் சாட் வளைவை (எந்த வெளிச்சத்தில் எவ்வளவு நிற அடர்த்தி என்று வைப்பது) எடுத்து வலது கோடியைக் கீழே இறக்குங்கள், உச்சி வெளிச்சத்தில் நிறம் வற்றி மறுபடி வெள்ளையாகும். இரண்டே நொடி வேலை, ஆனால் படத்தின் மதிப்பே மாறிவிடும்.

பின்னலும் மாப்பிள்ளை கோட்டும் ஒரே கருந்திட்டு

வேவ்ஃபார்மின் அடியைப் பாருங்கள், மேலே செய்த அதே சோதனைதான், இப்போது லிஃப்ட்டை (நிழல் பாகத்தை நகர்த்தும் கட்டுப்பாடு) ஏற்றிப் பாருங்கள். திட்டு திட்டாகவே மேலே வந்தால் இல்லை, விரிந்தால் இருக்கிறது. இருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காண்ட்ராஸ்ட் ஸ்லைடரை. காண்ட்ராஸ்ட்டை ஏற்றினால் வெள்ளை மேலே போகிற வேகத்தில் கறுப்பு கீழே போகும். பிவட்டை (காண்ட்ராஸ்ட் எந்த வெளிச்ச அளவைச் சுற்றி விரியும் என்ற புள்ளி) இறக்கினால் கறுப்பு காப்பாற்றப்படும். லிஃப்ட்டை ஏற்றி நிழலைத் திறப்பது வேண்டாம், அது கறுப்பையே சாம்பலாக்கி மொத்தப் படத்தையும் புகை மூட்டமாக்கும். அடிமட்டக் கறுப்பை 0-க்கும் 3-க்கும் நடுவில் விட்டுவிட்டு, கர்வில் 10, 15 பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து லேசாக ஏற்றுங்கள். முடி இழை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு காரணம் லெவல். ஃபைல் 0 முதல் 255 வரை எழுதியிருக்கிறது, மென்பொருள் அதை 16 முதல் 235 என்று புரிந்துகொண்டால் இரண்டு முனையும் வெட்டுப்படும். டாவின்சியில் கிளிப் ஆட்ரிப்யூட்ஸில் டேட்டா லெவல்ஸை ஆட்டோவில் இருந்து ஃபுல்லுக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் மேலும் கீழும் சேர்ந்து விவரம் திறந்தால் நோய் அதுதான்.

இந்த இடத்தில் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நிறைய வீடுகளில் "பொண்ணு முகம் இன்னும் வெள்ளையா வேணும்"னு கேட்கிறார்கள், நாமும் மறுபேச்சில்லாமல் காமாவை ஏற்றி ஏற்றி 75-க்குக் கொண்டு போகிறோம். மாநிறத்து முகம் 45, 50-ல் நின்றால்தான் கன்னத்தின் வளைவும் மூக்குத்தியின் மினுக்கும் தெரியும். அதை ஏற்றுவதற்காக மொத்த ஃபிரேமையும் ஏற்றினால் வேட்டி போகும், மல்லிகை போகும், கடைசியில் அந்த முகத்தின் களையும் போகும். கட்டாயம் ஏற்றணும் என்றால் முகத்துக்கு மட்டும் மென்மையான விளிம்புள்ள விண்டோ (திருத்தத்தை அந்தப் பகுதிக்குள் அடக்கும் வட்டம்) போட்டு டிராக் செய்து, 5 புள்ளிக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். முன்னும் பின்னும் இரண்டு ஸ்டில் எடுத்து அந்த வீட்டாரிடமே காட்டுங்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேராவது பழைய நிறத்தையே வைக்கச் சொன்னார்கள்.

நிழலைத் தூக்கினால் எறும்பு ஊர்கிற மாதிரி நாய்ஸ்

நிழலை ஒரு ஸ்டாப் ஏற்றினால் அதில் உள்ள நாய்ஸும் இரண்டு மடங்காகும், தப்ப வழியில்லை. வரிசையை மட்டும் மாற்றலாம்: நாய்ஸ் ரிடக்‌ஷன் முதல் நோடில், எக்ஸ்போஷர் ஏற்றுவது அதற்குப் பின்னால். டாவின்சியின் இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது, ஸ்டுடியோவில்தான் உண்டு. அதில் லூமாவையும் (வெளிச்சம்) குரோமாவையும் (நிறம்) பிணைத்திருக்கும் சங்கிலியைக் கழற்றி, குரோமாவை மட்டும் நன்றாக ஏற்றுங்கள். கண்ணை உறுத்துவது பச்சை, சிவப்புப் புள்ளிகள்தான். லூமாவை அதிகம் தொட்டால் பட்டுப் புடவை பிளாஸ்டிக் ஆகிவிடும். ஸ்டுடியோ இல்லாதவர்கள் லம் வெர்சஸ் சாட்டில் இடது கோடியை இறக்குங்கள், நிழலில் நிறம் வற்றினாலே பாதி நாய்ஸ் அடங்கிவிடும்.

8 பிட்டில் எடுத்த எஸ்-லாக்3 என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 10 பிட்டில் ஒரு ஸ்டாப்புக்குச் சுமார் 79 படிகள் கிடைக்கும், 8 பிட்டில் சுமார் 20 மட்டுமே. அடி நிழலில் அதுவும் குறையும். சோனி ஏ7 III மாதிரி 8 பிட் மட்டும் எழுதுகிற கேமராவில் எஸ்-லாக்3 எடுக்காமல் இருப்பதே நல்லது.

வேவ்ஃபார்ம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் ரிசப்ஷனில் நீல லைட் பட்ட முகம் ஒரே நீலத் திட்டு

லூமா வேவ்ஃபார்ம் இங்கே உங்களை ஏமாற்றுகிறது. ரெக்.709 கணக்கில் லூமாவில் நீலத்தின் பங்கு 7 சதவீதம் சொச்சம், சிவப்பு 21, பச்சை கிட்டத்தட்ட 72. அதாவது நீலம் முழுசாக நிரம்பி வழிந்தாலும் லூமா 7-ஐத்தான் காட்டும். ஆர்ஜிபி பரேடைத் (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் வேவ்ஃபார்ம்) திறவுங்கள், நீலச் சேனல் உச்சியில் தட்டையாக முட்டி நிற்கும். அரக்குக் கூறைப்புடவையில் சிவப்புக்கும் இதே கதை, ஜரிகைக் கரை புடவை உடலோடு கலந்து போவது அதனால்தான். லாக் கிளிப் என்றால் லட்டை எடுத்துவிட்டு, கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்மில் காமட் மேப்பிங்கை (709-க்குள் அடங்காத நிறங்களை உள்ளே கொண்டுவரும் வழி) சாச்சுரேஷன் கம்ப்ரெஷனில் வைத்துப் பாருங்கள். 709-லேயே எடுத்த கிளிப் என்றால் அந்த நிறத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்து சாச்சுரேஷனைக் குறைக்கலாம், உறுத்தல் குறையும், ஆனால் முக விவரம் முழுசாக வராது. ஸ்டேஜ் லைட் போடுகிற தம்பியிடம் முகத்துக்கு மட்டும் ஒரு வெள்ளை லைட் கேட்டு வாங்குவதுதான் நிரந்தர வழி.

வானத்தில் பட்டை பட்டையாக

படி பற்றாக்குறை. மேலே சொன்ன 8 பிட் கணக்குதான். மிக லேசான கிரெய்ன் (ஃபிலிம் மாதிரிப் பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் பட்டை உடையும். 10 பிட் ஃபுட்டேஜிலும் வந்தால் எக்ஸ்போர்ட்டைப் பாருங்கள், எச்.265 10 பிட்டில் எடுங்கள், பிட்ரேட்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

டைம்லைனில் அழகு, வெளியே எடுத்ததும் வெளுக்கிறது, இல்லை இருட்டுகிறது

வெளுத்தால் முதலில் கறுப்பைப் பாருங்கள். 16-ல் இருக்க வேண்டிய கறுப்பை ஒரு பிளேயர் 0 முதல் 255 என்று படித்தால் அது 6 சதவீதச் சாம்பலாகத் தெரியும். எக்ஸ்போர்ட்டில் டேட்டா லெவலை வீடியோவில் வைத்து மறுபடி எடுங்கள். மேக்கில் குயிக்டைமில் மட்டும் வெளுத்து, விஎல்சியில் சரியாகத் தெரிந்தால் அது காமா டேக் (வெளிச்சத்தை எப்படிப் படிக்கணும் என்று ஃபைலில் இருக்கும் குறிப்பு) விவகாரம், ஃபைலில் கோளாறு இல்லை. டாவின்சியில் ரெக்.709-ஏ டேக் வைத்து எடுத்தால் மேக்கில் ஓரளவு ஒத்துப் போகும். ஆனால் டிவியில் பென்டிரைவில் பார்க்கப் போகிற வீட்டுக்கு வழக்கமான டேக்கே சரி.

இருட்டுகிறது, நிழல் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று போன் வந்தால், எதில் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். பாதி தடவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதாக இருக்கும், அது அழுத்தும்போது முதலில் பலியாவது நிழல்தான். அதே ஃபைலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தத் தாரை வார்க்கிற ஷாட்

அதை நான் முடித்த வரிசை இதுதான். முதல் நோடில் குரோமா நாய்ஸ். இரண்டாவதில் ஆஃப்செட் ஒன்றரை ஸ்டாப் கீழே, வேட்டி மடிப்பு வந்தது. மூன்றாவதில் வாசலுக்கு ஒரு விண்டோ, மென்மையான விளிம்பு, நிறம் வற்றல் மட்டும். நான்காவதில் கர்வ், 12 பக்கத்தில் ஒரு புள்ளி, பின்னல் மூன்று புரியாகப் பிரிந்து தெரிந்தது. கடைசியில் லட். கேமராமேனிடம் அடுத்த முகூர்த்தத்துக்கு ஜீப்ராவை (வைத்த வெளிச்ச அளவைத் தொட்ட இடத்தில் கேமரா திரை காட்டும் கோடுகள்) 70-ல் வைக்கச் சொன்னேன், வெள்ளை வேட்டியில் ஜீப்ரா லேசாகத் தொட்டால் எஸ்-லாக்3-ல் அது ஒரு ஸ்டாப் கூடுதல், நிழலுக்கும் போதும், வேட்டிக்கும் ஆபத்தில்லை. கிழக்கு வாசலின் ஒரு கதவை முகூர்த்தம் முடிகிறவரை சாத்தி வைக்க முடியுமா என்று மண்டபத்து ஆளிடம் கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.